பர்ன் அவுட் – பணி ஓய்ச்சல்

கொரோனா காலத்து மருத்துவர்களையும் செவிலியர்களையும் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் கையில் எடுத்த சொல் 'மன அழுத்தம்'. செய்தித்தாள், சுற்றறிக்கை, வாட்ஸ்அப் அறிவுரை, எங்கும் அதுதான். மதுரை பெரியாஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து வரும் ஒரு சிஸ்டர் தன் மூத்த சிஸ்டரிடம் அப்படியெல்லாம் பேசமாட்டார். 'ஓஞ்சு போச்சுக்கா' என்பார். வேலையே ஆளை உள்ளுக்குள் வற்றவைத்துவிடும், உலகம் முழுக்க 'பர்ன் அவுட்' என்று சொல்லப்படும் நிலைக்கு அவர் வாயில் வருவதுதான் பொருத்தமான தமிழ் என்பது என் கட்சி.

முதலில் மன அழுத்தத்தை ஒரு வழி செய்துவிடலாம். 'ஸ்ட்ரெஸ்' இயற்பியலில் புழங்கிய சொல். ஹான்ஸ் செலியே என்ற மருத்துவ ஆய்வாளர் 1930களில் தொடங்கிய ஆய்வுகள் வழியாக அது உடலியலுக்கு வந்தது, அங்கிருந்து அன்றாடப் பேச்சுக்கு. நம் பள்ளி இயற்பியல் புத்தகத்தில் 'ஸ்ட்ரெஸ்' என்றால் தகைவு, 'ஸ்ட்ரெயின்' என்றால் திரிபு. கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் கம்பிக்குள் எழும் எதிர்விசையை வைத்து அளப்பது தகைவு. கம்பி நீண்டு உருமாறுவது திரிபு. அருமையான இணை. உளவியல் எழுத வந்தவர்கள் இதைத் தொடவே இல்லை. ஏற்கெனவே இரத்த அழுத்தம் என்ற சொல் எல்லோர் வாயிலும் இருந்ததால், அதன் பக்கத்திலேயே மன அழுத்தமும் உட்கார்ந்துகொண்டது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 'டிப்ரஷன்' என்ற நோய்க்கும் பலர் அதே சொல்லை எழுத ஆரம்பித்தார்கள். அதற்கு மனச்சோர்வு என்ற நல்ல சொல் இருந்தும்! இன்று ஒருவர் 'எனக்கு மன அழுத்தம்' என்றால் அவருக்கு வேலைப்பளு கூடிவிட்டதா, மாத்திரை எடுக்கவேண்டிய நோயா என்று கேட்பவருக்கு விளங்காது.

பர்ன் அவுட்டின் கதை வேறு. 1970களில் நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், பகலில் தன் தொழிலைப் பார்த்துவிட்டு இரவில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் உழைத்தார். போதைப் பழக்கத்தால் நொறுங்கியவர்கள் வரும் இடம். அவர்களைக் குறிக்கத் தெருவில் புழங்கிய சொல்தான் 'பர்ன் அவுட்'. அங்கே வேலை பார்த்த தன் கூட்டாளிகளும், தானும்கூட, மெல்ல மெல்ல அதே போல ஆவதைக் கவனித்து, 1974இல் எழுதிய கட்டுரையில் அந்தச் சொல்லை மருத்துவப் பணியாளர் பக்கம் திருப்பினார். ஆக, இது அலுவலகக் குளிரறையில் பிறந்த சொல் இல்லை. நோயாளியின் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்துப் பிறந்தது.

அப்புறம் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் வந்தார். சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981இல் இதை அளக்க ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். மூன்று கூறுகள்: உள்ளம் வற்றிப்போவது, ஆளை ஆளாகப் பார்க்க முடியாமல் போவது, 'நான் செய்வதில் ஒரு பயனும் இல்லை' என்ற எண்ணம். இரண்டாவதுதான் வெளியார் கண்ணில் படுவது. 'முருகேசன் அய்யா எப்படி இருக்கார்' என்று கேட்டுக்கொண்டிருந்தவர், 'பன்னெண்டாம் பெட் சாச்சுரேஷன் எவ்வளவு' என்று இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவை மட்டும் கேட்க ஆரம்பிப்பார். வெளியில் நிற்கும் உறவினருக்கு அது திமிராகத் தெரியும். உண்மையில் அது உள்ளே இருப்பதைக் கொஞ்சமாவது காப்பாற்றிக்கொள்ளும் வழி. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியல் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: பர்ன் அவுட் ஒரு நோய் அன்று, வேலையிடத்தில் தீர்க்கப்படாமல் நீடிக்கும் நெருக்கடியால் வரும் நிலை; வாழ்க்கையின் மற்ற பகுதிகளுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.

இந்த 'வேலையிடத்தில்' என்பது மன அழுத்தம் என்ற சொல்லில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. 'மன' என்று தொடங்கிய உடனேயே கோளாறு உன் மனசில்தான் என்றாகிவிடுகிறது. மருந்தும் அங்கேயே தேடப்படும்: மூச்சுப் பயிற்சி, தியானம், ஒரு ஜூம் வகுப்பு.

மதுரையில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் முதல் கொரோனா இறப்பு 2020 மார்ச் 25 அன்று இங்கே பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனையில்தான். அந்த ஆண்டு அழகர் ஆற்றில் இறங்கவில்லை. ஜூன் 24 முதல் மதுரைக்கு முழு ஊரடங்கு. 2021 மே மாதம் இரண்டாம் அலையில் மதுரையை அடுத்த தோப்பூரில் ஆக்சிஜன் வசதியோடு 500 படுக்கைகள் திறக்கவேண்டி வந்தது. இத்தனைக்கும் நடுவில் கத்திரி வெயிலில் பிபிஇ கிட் என்ற முழுக் கவச உடைக்குள் நின்றவர்கள் இருந்தார்கள். கிட்டைப் போட்டுவிட்டால் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது, மாதவிடாய் நாளென்றால் சொல்லவே வேண்டாம். முகம் தெரியாததால் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்டார்கள். சாகக் கிடந்தவருக்கும் வெளியே நின்ற மகளுக்கும் நடுவில் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றதும் இவர்கள்தான். வீட்டுக்குப் போனால் குழந்தையைத் தூக்க பயம், தெருவில் ஒரு மாதிரிப் பார்வை. சென்னையில் 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் தாக்கியதையும், அதே மாதம் 22ஆம் தேதி மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்ததையும் மறந்திருக்க மாட்டோம். 'முன்களப் பணியாளர்' என்று ஒரு போர்க்களப் பட்டமும் கொடுத்தோம். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. வீரனாக்கிவிட்டால் அவர் 'முடியலை' என்று சொல்ல வாய் வராது.

சரி, தமிழுக்கு வருவோம். 'எரிந்துபோதல்' என்று நேராகப் பெயர்ப்பவர்கள் உண்டு. நமக்கு எரிவது வயிறு, அதுவும் பொறாமையில். மதுரையின் சுடுகாடு இருக்கும் தத்தனேரிப் பக்கம் அந்த மாதங்களில் போய்வந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருளே வேறு. 'மனவெறுமை' கவிதைக்கு ஆகும். அலுப்பு, சடவு இரண்டும் தெற்கத்திச் சொற்கள். ஆனால் உடம்போடு நின்றுவிடுபவை. நாட்டு மருந்துக் கடையில் அலுப்பு மருந்து வாங்கிக் குடித்தால் தீர்ந்துவிடும் சங்கதி.

'பணிச்சோர்வு' இவற்றில் தேவலை, பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் இரண்டு தடை. ஒன்று, மனச்சோர்வோடு மறுபடி குழம்பும். இன்னொன்று, பழைய தமிழில் சோர்வு என்றால் கவனம் தவறுதல். மகிழ்ச்சியில் மயங்கிக் கடமையை மறப்பதைத்தான் குறள் 'உவகை மகிழ்ச்சியிற் சோர்வு' என்கிறது. அப்படிப் படித்தால் பணிச்சோர்வு ஒரு குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

'ஓய்' என்ற வினையடிக்கு அந்தப் பழி இல்லை. மழை ஓய்கிறது, இரைச்சல் ஓய்கிறது, கை ஓய்கிறது. தொல்காப்பியத்தில் சொற்பொருள் சொல்லும் பகுதியான உரியியல் 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்' என்ற நான்கையும் ஒன்றாக வைத்து, 'உள்ளதன் நுணுக்கம்' என்று பொருள் சொல்கிறது. முன்பு இருந்தது மெலிந்து குறைவது. இதைவிடக் கச்சிதமாக மாஸ்லாக்கும் சொல்லவில்லை! ஏனென்றால் சுரத்தே இல்லாமல் வேலைக்கு வந்தவர் ஓய்வதில்லை. நிறைய வைத்திருந்தவர்தான் ஓய்கிறார். கலித்தொகையில் ஒரு பாலைப் பாட்டு 'வேனில் உழந்த வறிதுயங்கு ஓய்களிறு' என்று தொடங்கும். கோடையில் அடிபட்டு, மெலிந்து, கானலைத் தண்ணீரென்று நம்பி ஏங்கும் யானை. அந்த யானையிடம் குறை எதுவும் இல்லை, வேனில்தான் காரணம்.

ஒரு சிக்கல் உண்டு. 'பணி ஓய்வு' என்று எழுதினால் மாலை போட்டு வழியனுப்பிவிடுவார்கள். அதனால் ஓய்ச்சல். காய் காய்ச்சல் ஆவது போல ஓய் ஓய்ச்சல் ஆகும். 'ஓய்ச்சல் ஒழிச்சல் இல்லாம உழைக்கிறா' என்று வீட்டில் சொல்வோமே, அதேதான். இளைப்பாறுவதும் தளர்வதும் ஒரே வினையடியில் கிடப்பது எனக்கு வசதியாகவே படுகிறது. முன்னே 'பணி' என்று வைத்துவிட்டால் எங்கே வந்த தளர்ச்சி என்பதும் தெரிந்துவிடும்.

அது தெரிந்தால், மருந்தும் டூட்டி ரோஸ்டரில் தேடப்படும். 2003இல் சார்ஸ் நோயைச் சந்தித்த டொராண்டோ மருத்துவமனைப் பணியாளர்களை, ஓராண்டு ஈராண்டு கழித்து ஆராய்ந்தார்கள். பர்ன் அவுட் அப்போதும் நீடித்தது. தங்களுக்குப் போதுமான பயிற்சியும் ஆதரவும் கிடைத்ததாக உணர்ந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு. மாஸ்லாக்கும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த மைக்கேல் லைட்டரும் சொல்லும் காரணங்களும் வேலைப்பளுவோடு முடிவதில்லை: தன் வேலையில் தனக்குள்ள பிடி, கிடைக்கும் பலன், சக பணியாளர் உறவு, நியாயம், மனசாட்சி. நம்மூர் வார்டுகளில் ஒருவருக்கொருவர் டூட்டி மாற்றிக்கொண்டதும், கிட்டைக் கழற்றியவரிடம் முதலில் 'சாப்டியா' என்று கேட்டதும், யாருக்கும் சொல்ல முடியாத கேலிகளை டீக்கு நடுவே பகிர்ந்துகொண்டதும் இந்தப் பட்டியலில் உறவு என்ற வரியில் வரும். நியாயம் என்ற வரியில் எதைப் போடுவது? வானத்திலிருந்து மருத்துவமனைகள் மேல் பூ தூவியது 2020 மே 3. கொரோனாப் பணிக்கென ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களில் ஒரு பகுதியினரை 2022 டிசம்பர் 31ஓடு போகச் சொன்னார்கள். அடுத்த ஜனவரியில் அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். இதற்கு எந்த மூச்சுப் பயிற்சியும் உதவாது.

நோய் என்று வரும்போது மட்டும் கவனம் வேண்டும். விடுப்பில் இருக்கும்போது, ஊருக்குப் போய் நாலு நாள் தூங்கி எழுந்தால், ஓய்ச்சல் கொஞ்சமாவது இறங்கும். டூட்டி நினைப்பு வந்தால் மறுபடி ஏறும். விடுப்பிலும் எதிலும் பிடிப்பு இல்லை, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று இரண்டு வாரம் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்கவேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டு அரசின் உதவி எண்ணான 104இலும், 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணிலும் தமிழில் பேசலாம்.

எழுதும்போது: பெயராக 'பணி ஓய்ச்சல்', வினையாக 'ஓய்ந்துபோதல்'. 'ஓய்ந்த செவிலியர்' என்று சுருக்கவேண்டாம், ஓய்வுபெற்றவர் என்று படித்துவிடுவார்கள். 'பணியில் ஓய்ந்துபோன செவிலியர்' என்று முழுசாகவே எழுதலாம்.