ஆச்சியின் குரல் சின்னதாகிப்போன கதை

செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சியை அழைத்து வந்திருந்தார்கள். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எழுபதைத் தாண்டியவர். தொண்டை வலி இல்லை, இருமல் இல்லை, விழுங்கச் சிரமம் இல்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா. இவுகளுக்குத்தான் காது மந்தமாப் போச்சு. நான் சொல்றது ஒருத்தருக்கும் கேக்க மாட்டேங்குது."

அதைச் சொன்ன குரலே மேசைக்கு இந்தப் பக்கம் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

காட்டச் சொன்னது சிங்கப்பூரில் இருக்கும் மகள். கூடவே இருக்கிற மருமகளுக்கு மாற்றம் பிடிபடவில்லை. தினமும் கேட்கிற குரல்தானே. வாரத்துக்கு ஒருமுறை போனில் கேட்கிற மகளுக்குத்தான் 'ஆத்தா குரல் சின்னதாப் போயிருச்சு' என்று பட்டிருக்கிறது. நல்ல வேளையாக அவர் வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகள் எதையும் அழிக்கவில்லை. இரண்டு வருடப் பதிவுகளை அனுப்பச் சொல்லி, வரிசையாகப் போட்டுக் கேட்டேன். முதல் பதிவில் வளவு முற்றத்தில் காயும் வத்தலைக் காக்கை கொத்துகிறதென்று நடுவே ஒரு அதட்டல், பிறகு சிரிப்பு. கடைசிப் பதிவில் ஏற்ற இறக்கமே இல்லை; மளிகைச் சிட்டை வாசிப்பது போல ஒரே மட்டத்தில் போகிறது.

எழுந்து நடக்கச் சொன்னேன். வலது கை வீசவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னால் போகப்போக எழுத்து சிறுத்தது. நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். கை நடுக்கத்துக்குப் பேர்போன நரம்பு நோயான பார்க்கின்சன் என்று உறுதியானது.

இந்த நோயில் தசைகளின் அசைவு சுருங்குகிறது. எழுத்து சிறுப்பதும் குரல் சிறுப்பதும் ஒரே காரணத்தால்தான். இதில் விசித்திரம், பேசுகிறவருக்குத் தன் குரல் வழக்கமான சத்தத்தில் இருப்பதாகவே தோன்றும். மூளை போடும் கணக்கே தப்பிவிடுகிறது. ஆச்சி பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் ஊருக்குத்தான் காது போயிருந்தது. கை நடுங்கினால் பதறி ஓடி வருகிறோம். குரல் தேய்ந்தால் மட்டும் 'வயசாயிருச்சு' என்று விட்டுவிடுகிறோம். சிலருக்கு நடுக்கத்துக்கு முன்பே குரல் மாறிவிடும்.

சர்க்கரை நோய்க்கு ரத்தத்தில் ஓர் அளவு பார்க்கிறோம் அல்லவா, அது போல உடம்புக்குள் நடப்பதை வெளியிலிருந்து அளந்து சொல்லும் அடையாளத்தை பயோமார்க்கர் என்பார்கள். குரலையும் அப்படி ஓர் அளவாகப் பயன்படுத்தலாமா என்பதுதான் இப்போது நடக்கும் ஆராய்ச்சி. தொண்டையில் குரலை எழுப்பும் குரல் நாண்கள் ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 120 முறையும் பெண்களுக்குச் சுமார் 200 முறையும் அதிரும். ஓர் அதிர்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் நேரம் துளி முன்பின்னாக இருந்தால் அது ஜிட்டர். சத்தத்தின் அளவு ஏறி இறங்கினால் ஷிம்மர். நம் காதுக்குப் பிடிபடாத வித்தியாசத்தையும் கணினி எண்ணிவிடும். ஆக்ஸ்ஃபோர்டில் மேக்ஸ் லிட்டில் குழுவினர் 31 பேரிடம் (23 பேருக்குப் பார்க்கின்சன்) எடுத்த 195 குரல் பதிவுகள் இந்தத் துறையில் இன்றும் பலரும் எடுத்துப் பார்க்கும் தரவு. 2022-இல் அமெரிக்க அரசின் நிதியில் தொடங்கிய பெரிய குரல் தரவுத் திட்டத்தின் தலைவர்களில் ஒருவரான யேல் பென்சூசான், என்னைப் போலக் காது மூக்கு தொண்டை மருத்துவர். எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை.

ஆனால் எந்திரத்துக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. இன்னொருவரைச் சொல்கிறேன். கல்யாண வீடுகளில் சமையல் பார்க்கிறவர், பத்து அடுப்புக்கும் ஒரே இடத்திலிருந்து குரல் கொடுத்துப் பழகியவர். குரல் கம்மி இரண்டரை மாதமாகியிருந்தது. பனங்கற்கண்டுப் பால், சித்தரத்தை, மெடிக்கலில் இரண்டு தடவை ஆன்டிபயாட்டிக் எல்லாம் முடித்துவிட்டு வந்தார். "அடுப்புப் புகைதாம்மா" என்றார். பீடியைப் பற்றிப் பேச்சே இல்லை. சட்டைப் பைதான் சொன்னது.

கேமரா வைத்துப் பார்த்தால் தொண்டை சுத்தமாக இருந்தது. ஆனால் இடது குரல் நாண் அசையவில்லை. இடது நாணுக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து நேராகக் குரல்வளைக்குள் நுழைவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலேறி வருகிறது. வலது பக்க நரம்பு கழுத்தடியிலேயே திரும்பிவிடும். அதனால் இடது நுரையீரல் கட்டி, நெஞ்சில் வீங்கிய நெறிக்கட்டி, ஏன், பெருத்துப்போன இதய அறைகூட அந்த நரம்பைப் பாதிக்கலாம். இதயக் கோளாறால் குரல் போவதை 1897-லேயே ஆர்ட்னர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். இவருக்கு ஸ்கேனில் இடது நுரையீரலின் மேல்பகுதியில் கட்டி தெரிந்தது.

குரலை அளக்கும் போன் செயலி இவருக்கு என்ன சொல்லியிருக்கும்? குரல் சரியில்லை என்று சொல்லியிருக்கும். காய்ச்சல் மானியும் அவ்வளவுதான் சொல்லும். சளி, தைராய்டு குறைவு, கத்திப் பேசி வந்த முடிச்சு, நாணிலேயே புற்று என எல்லாவற்றுக்கும் கரகரப்பு பொது. நாணில் வரும் புற்று குரலைச் சீக்கிரமே மாற்றிவிடுவதால் ஆரம்பத்திலேயே பிடித்துக் குணப்படுத்த முடிகிறது; பார்த்தால்தான். கொரோனா சமயத்தில் இருமலைக் கேட்டே நோயைச் சொல்கிறோம் என்று எத்தனை செயலிகள் வந்தன! பிரிட்டனில் 67,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார்கள். வயது, பாலினம், அறிகுறி எல்லாவற்றையும் சமப்படுத்திப் பார்த்தால், அறிகுறிகளை வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அந்த ஒலிக் கணிப்பு ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை.

ஆகவே செயலி தேடி அலைய வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவரின் குரலை மாதம் ஒருமுறை நீங்களே பதிந்து வையுங்கள். மற்றவர்களோடு ஒப்பிடுவதைவிட அவருடைய பழைய குரலோடு ஒப்பிடுவதுதான் எனக்கு அதிகம் உதவுகிறது. அதே போன், வாயிலிருந்து ஒரு சாண் தூரம், ஃபேனை நிறுத்திவிட்டு. மூச்சை இழுத்து முடிந்தவரை 'ஆ' என்று சொல்லட்டும். நல்ல நிலையில் இருப்பவர் 15 நொடிக்கு மேல் இழுப்பார். பிறகு ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணட்டும், நேற்று என்ன சமைத்தார்கள் என்று இரண்டு வாக்கியம் சொல்லட்டும்.

நம்மூருக்கென்று ஒரு எச்சரிக்கை. செட்டிநாட்டு வீட்டின் பெரிய கூடமான பட்டாலையில் உட்கார்ந்து பதியாதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், கண்ணாடி போல் தேய்த்த சுண்ணாம்புச் சுவரும், அந்த உயரக் கூரையும் குரலைத் திருப்பி அடிக்கும். மெலிந்த குரல்கூட அங்கே கனமாகக் கேட்கும். மெத்தை, துணிமணி கிடக்கிற சின்ன அறைதான் நல்லது.

மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் குரல்வளையைப் பார்த்துவிட வேண்டும். புகை, புகையிலை போட்ட வெற்றிலைப் பழக்கம், கழுத்தில் கட்டி, விழுங்கச் சிரமம், இருமலில் ரத்தம் இருந்தால் அந்த மூன்று வாரமும் காத்திருக்க வேண்டாம். திடீரென்று நாக்குக் குழறினால் பதிவும் வேண்டாம், நானும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

ஆச்சி மாத்திரையோடு பேச்சுப் பயிற்சிக்கும் போகிறார். பயிற்சியில் முக்கியமாக ஒன்றே ஒன்றுதான்: சத்தமாகப் பேசுவது. வீட்டு முகப்பில் நின்று கூப்பிட்டால் உள்ளே இரண்டாங்கட்டில் இருக்கிற மருமகள் பதில் சொல்ல வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம். "கத்துற மாதிரி இருக்கே டாக்டரம்மா, அசிங்கமா இல்லையா?" என்று கேட்டார். கத்துங்க ஆச்சி என்றேன். போன வாரம் மகள் ஒரு பதிவை எனக்கு அனுப்பியிருந்தார். காக்கை இல்லை, இந்த முறை திட்டு வாங்கியது பால்காரர்.