பல்லைத் திறந்து மூடும் சீப்பு

மாலை நாலரை மணி. ஐந்தரைக்குள் அறிக்கையின் மூன்று பிரதிகளையும் வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். மேலே ஓ.ஹெச்.பி. ஷீட் என்கிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள், அடியில் நீல அட்டை, முதுகில் பிளாஸ்டிக் சீப்பு என்று மூன்றும் பைண்ட் ஆகி மேசையில் தயாராக இருந்தன. எதற்கும் ஒரு தரம் புரட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். 37ஆம் பக்கத்தில், யாருக்காக அந்த அறிக்கையோ அவருடைய பெயரிலேயே எழுத்துப் பிழை. எனக்கு வியர்த்துவிட்டது.

ஆபீஸில் பைண்டிங் வேலை பார்க்கும் அண்ணன் நிதானமாக எழுந்து வந்தார். "எதுக்கு சார் பதறுறீங்க? சீப்புதானே, பல்லைத் திறந்தா போச்சு."

முதல் பிரதியை இயந்திரத்தில் செருகினார். கைப்பிடியை இழுத்ததும் பிளாஸ்டிக் வளையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாய் பிளந்தன. மேலே இருந்த 36 தாள்களைக் கொத்தாக உருவி வைத்தார், தப்பான தாளைக் கழற்றி எறிந்தார், துளை போட்ட புதுத் தாளை மாட்டினார், கொத்தைத் திரும்ப வைத்துக் கைப்பிடியைத் தளர்த்தினார். வளையங்கள் தாமாகவே சுருண்டு மூடிக்கொண்டன. ஒரு பிரதிக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அன்றுதான் அந்தப் பிளாஸ்டிக் துண்டை முதல்முறையாக ஒழுங்காக உற்றுப் பார்த்தேன்.

ஜெராக்ஸ் கடையில் போய் "ஸ்பைரல் போட்டுக் குடுங்க" என்று சொன்னால் பெரும்பாலும் கிடைப்பது சுருள்கம்பி. ஒரே நீளமான பிளாஸ்டிக் இழை, ஸ்க்ரூவைப் போலத் திருகித் திருகித் துளைகளுக்குள் ஏறும். கடைசியில் இரண்டு முனையையும் வெட்டி மடக்கிவிடுவார்கள். நான் சொல்வது அது இல்லை. இதற்குப் பெயர் காம்ப் பைண்டிங். முதுகுப் பக்கம் ஒரே பட்டையாக இருக்கும், அந்தப் பட்டையிலிருந்து விரல் விரலாக வளையங்கள் கிளம்பும். ஆங்கிலத்தில் தலைவாரும் சீப்பை நினைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் தலைச்சீப்பின் பல் நேராக இருக்கும். நம் வாழைச் சீப்பைப் பாருங்கள்: ஒரே காம்பிலிருந்து வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் வளைந்த காய்கள். தமிழில் சீப்பு என்ற பெயர் இரண்டு மடங்கு பொருந்துகிறது.

இந்த முறையை அலுவலகங்களுக்குப் பரவலாகக் கொண்டுபோன நிறுவனங்களில் முக்கியமானது ஜெனரல் பைண்டிங் கார்ப்பரேஷன், சுருக்கமாக ஜிபிசி. 1947இல் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் தொடங்கியது. கனடாவில் இதே பைண்டிங்கை செர்லாக்ஸ் என்பார்கள்.

சரி, அந்த வளையம் ஏன் தானாக மூடிக்கொள்கிறது? அதில் ஸ்பிரிங் எதுவும் இல்லை. வெறும் பிவிசி தகடுதான். தட்டையான பிவிசி பட்டையில் விரல்களை வெட்டி, சூடாக்கிச் சுருட்டி, சுருண்ட நிலையிலேயே ஆறவிடுகிறார்கள். பிவிசி என்பது நீள நீளமான மூலக்கூறு இழைகள் இடியாப்பம் போல ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் பொருள். ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த இழைகளுக்கு அசைய இடம் கிடைக்கும், எந்த வடிவத்துக்கு வளைத்தாலும் அதற்கேற்ப இடம் மாறி உட்காரும். ஆறியதும் உட்கார்ந்த இடத்திலேயே உறைந்துவிடும். அதற்குப் பிறகு சுருள்தான் அதன் இயல்பு வடிவம். சாதாரண வெப்பநிலையில் நாம் விரித்தால் இழைகள் இடம் மாறுவதில்லை, கொஞ்சம் இழுபட்டு நிற்கும், அவ்வளவுதான். விட்டால் பழைய இடத்துக்கே போகும்.

எவ்வளவு இழுபடுகிறது என்று ஒரு உத்தேசக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 மி.மீ. வளையம் என்றால் ஆரம் 6 மி.மீ. விரலின் தடிமன் 0.4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் அதை விரித்து ஆரத்தை இரட்டிப்பாக்கினால், வளையத்தின் உட்பக்கம் சுமார் 1.7 சதவீதம் நீள்கிறது, வெளிப்பக்கம் அதே அளவு நசுங்குகிறது. இதை பிவிசி தாங்கும், திரும்பியும் வரும். அதே விரலை முழுக்க நேராக நிமிர்த்தினால் 3.3 சதவீதம் ஆகிவிடும். கடினமான பிவிசிக்கு அது ஆபத்தான எல்லை, அதற்கு மேல் போனால் பழைய வடிவத்துக்கு முழுதாகத் திரும்பாது. அதனால்தான் கைப்பிடியை ஒரேயடியாகக் கடைசி வரை இழுக்காமல், தாள் நுழையும் அளவுக்கு மட்டும் இழுக்கச் சொல்கிறார்கள். விரித்த சீப்பை இயந்திரத்திலேயே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதும் தப்பு. இழுபட்ட நிலையில் ராத்திரி முழுக்க இருந்தால் இழைகள் மெல்ல மெல்ல நழுவி அந்த நிலைக்கே பழகிவிடும். காலையில் கைப்பிடியைத் தளர்த்தினால் வளையம் பாதி மூடி நிற்கும்.

துளையிடும் இயந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் புத்தகங்கள் அங்கேதான் கெடுகின்றன. காம்ப் பைண்டிங்கின் துளை வட்டமானது அல்ல, நீள்சதுரம். நீளம் சுமார் 8 மி.மீ., அகலம் 3 மி.மீ. ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவுக்கு 14.3 மி.மீ. ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. அதில் 21 துளை. 20 இடைவெளிக்கு 286 மி.மீ., இரண்டு ஓரத்திலும் அரைத் துளை சேர்த்தால் 294. மிச்சம் வெறும் 3 மி.மீ., அதுவும் இரண்டு ஓரத்துக்கும் பங்கு. ஆக, கடைசித் துளைக்கும் தாளின் ஓரத்துக்கும் நடுவே நிற்பது ஒன்றரை மி.மீ. காகிதம்தான். தாளை இரண்டு மி.மீ. தள்ளி வைத்தாலே ஓரத் துளை வாய் பிளந்துவிடும். இயந்திரத்தின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன நிறுத்தியை முதலில் சரிபார், வீண் தாளில் ஒரு முறை குத்திப் பார் என்று அண்ணன் ஒவ்வொரு புதுப் பையனிடமும் சொல்வதன் காரணம் இந்த ஒன்றரை மி.மீ.தான்.

மேசை மேல் வைக்கிற சாதாரண இயந்திரத்தில் ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து தாள் குத்தலாம். 21 ஊசிகளும் ஒரே நொடியில் இறங்கினால் கை வலிக்கும் என்பதால், பல இயந்திரங்களில் ஊசிகளின் நீளத்தைச் சற்றே மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். சில முதலில் கடிக்கும், சில பிறகு. கீழே இருக்கும் தட்டில் வெட்டுத் துணுக்குகள் அவலைக் கொட்டியது போலக் குவியும். அதை யாரும் காலி செய்யாமல் விட்டால் ஊசி சிக்கிக்கொள்ளும். அப்புறம் ஆளுக்கு ஆள் இயந்திரத்தைத் திட்டுவார்கள்.

இனி புத்தகத்தைத் திறப்போம். முதுகில் பசை போட்டு ஒட்டிய சாஃப்ட் பைண்டிங் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டுத் தட்டச்சு செய்து பாருங்கள். கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும். அங்கே தாள் முதுகோடு ஒட்டியிருப்பதால் ஒவ்வொரு தாளும் வேரிலேயே வளைந்தாக வேண்டும், வளைந்த தாள் நிமிரப் பார்க்கும். அழுத்தி விரித்தால் பசை விடும். காம்ப் பைண்டிங்கில் தாள் வளைய வேண்டியதே இல்லை. துளையின் வழியாக வளையத்தின் மேல் அப்படியே வழுக்கிப் போய் இடப் பக்கம் படுத்துக்கொள்கிறது. மின் இணைப்பு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வேலை பார்க்கிற எலெக்ட்ரீஷியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சுருள்கம்பியும் இப்படித் தட்டையாகத் திறக்கும். ஆனால் அதில் ஒரு சின்ன வேடிக்கை இருக்கிறது. சுருள்கம்பி மாடிப்படி மாதிரி, ஒரு சுற்றுக்கு ஒரு படி ஏறும். அங்குலத்துக்கு நான்கு துளை உள்ள சுருளில் ஒரு படி என்பது சுமார் 6 மி.மீ. வலப் பக்கத் தாள் இடப் பக்கம் போகும்போது அரைச் சுற்று சுற்றுகிறது, அதாவது அரைப் படி, 3 மி.மீ., மேலோ கீழோ நகர்ந்துவிடும். எதிரெதிர்ப் பக்கங்களில் பரவி நிற்கும் அட்டவணை என்றால் வரிசைக் கோடுகள் இரண்டும் சேராது. காம்ப் பைண்டிங்கில் ஒவ்வொரு வளையமும் தனித்தனி, தன் தளத்திலேயே சுற்றுகிறது, அதனால் அணுவளவும் நகராது. நில அளவை வரைபடமோ இரு பக்கக் கணக்குத் தாளோ இருக்கிற அறிக்கை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு காம்ப் பைண்டிங்தான் போடச் சொல்வேன்.

அதே சமயம், சுருள்கம்பிப் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் முழுக்க மடித்து ஒரு கையில் பிடித்துக்கொள்ளலாம். காம்ப் பைண்டிங்கில் அது நடக்காது. காரணம் அந்த முதுகுப் பட்டை. தாள் விரல்களின் மேல் மட்டும்தான் வழுக்க முடியும், விரல் பட்டையோடு சேரும் இடத்தில் துளை இடித்து நின்றுவிடும். கட்டட வேலை நடக்கிற இடத்தில் நின்றபடியே குறிப்பு எழுத இது லாயக்கில்லை. ஆனால் அலமாரியில் அடுக்கி வைத்தால் பெயர் தெரிவதற்கும் அதே பட்டைதான் காரணம். அதில் பெயரை அச்சடிக்கலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம். ஐம்பது சுருள்கம்பி அறிக்கைகளுக்கு நடுவே ஒன்றைத் தேடியவருக்கு அந்தப் பட்டையின் அருமை தெரியும்.

அளவு விஷயத்தில் எல்லோரும் ஒரு தரம் ஏமாறுவோம். 75 ஜிஎஸ்எம் தாள், அதாவது சதுர மீட்டருக்கு 75 கிராம் எடையுள்ள தாள், ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். அப்படியானால் 10 மி.மீ. சீப்பில் 100 தாள் கொள்ள வேண்டுமே? கொள்ளாது. 55 தாள் போட்டாலே நிறைந்துவிடும். தாள்க் கட்டு செவ்வகம், வளையம் வட்டம், பிளாஸ்டிக்கின் தடிமன், உள்ளே மடிந்து கிடக்கும் விரல் நுனி எல்லாம் இடத்தைத் தின்னும். சின்னச் சீப்பில் இந்த இழப்பு அதிகம், பெரிதாகப் பெரிதாகக் குறையும். 25 மி.மீ. சீப்பில் 200 தாள் வரை போடலாம், கிடைப்பதில் பெரியதான 51 மி.மீ. சீப்பில் ஏறக்குறைய 500, அதாவது ஒரு முழு ரீம். பிதுங்கப் பிதுங்க அடைத்தால் தாள் வழுக்காது, புரட்டும்போது துளையின் மூலை கிழியும். நீள்சதுரத் துளையில் மூலைதான் பலவீனமான இடம், இழுவிசை எல்லாம் அங்கேதான் போய்க் குவியும். அடுத்த அளவுச் சீப்பைப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று, சீப்பின் எதிரியையும் சொல்லிவிடுகிறேன். வெயில். மே மாதத்தில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஓர் அறிக்கையை வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். நேரடி வெயில் படும் அந்த இடம் 70 டிகிரியைத் தொடுவது உண்டு. 80 டிகிரியில் முழுதாக இளகும் பொருள் 70இல் கல்லாகவா இருக்கும்? மேலே கனமான டைரி வேறு இருந்தது. திரும்பி வந்தபோது வளையங்கள் நசுங்கி முட்டை வடிவில் கிடந்தன. விரல் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன, தாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. சூட்டில் கற்ற பாடத்தைச் சூட்டிலேயே மறந்துவிட்டது. கூரியரில் அனுப்பும்போதும் இதே கவலை உண்டு. தாள்க் கட்டைவிட முதுகு பருமன் என்பதால் மேலே விழுகிற பாரமெல்லாம் முதுகில்தான் இறங்கும். பல பிரதிகளை அனுப்பினால் ஒன்றின் முதுகு இடப் பக்கம், அடுத்ததன் முதுகு வலப் பக்கம் என்று மாற்றி மாற்றி அடுக்கி, அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்புவதுதான் சரி.

பக்கத்தை மாற்ற முடிகிறது என்பதே சில இடங்களில் குற்றமாகிவிடும். டெண்டர் அறிவிப்புகள் சிலவற்றில் ஸ்பைரல், காம்ப் போன்ற கழற்றக்கூடிய பைண்டிங் ஏற்கப்படாது என்று போட்டிருப்பார்கள். சமர்ப்பித்த பிறகு யாரும் ஒரு தாளை உருவி வேறு தாளைச் செருகிவிடக் கூடாது என்ற பயம்தான். ஆய்வேட்டின் வரைவை எப்படி வேண்டுமானாலும் கட்டிக் கொடுக்கலாம், இறுதிப் பிரதி மட்டும் கெட்டி அட்டையில் வர வேண்டும் என்று கேட்பதும் அதே கணக்கில்தான். நியாயமான பயம். 37ஆம் பக்கத்தை நாங்கள் மூன்று நிமிடத்தில் மாற்றிய சுவடே அந்தப் பிரதிகளில் தெரியவில்லை.

எங்கள் அண்ணனின் மேசையில் ஒரு டிராயர் முழுக்கப் பழைய சீப்புகள் கிடக்கும். காலாவதியான அறிக்கைகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் சீப்பைக் கழற்றி எடுத்துவிடுவார். பிவிசி கலந்தால் காகிதத்தை மறுசுழற்சி செய்கிறவர்களுக்குத் தொல்லை என்பது ஒரு பக்கம், புதுச் சீப்பு வாங்கும் செலவு மிச்சம் என்பது இன்னொரு பக்கம். எடுத்த சீப்பை அப்படியே உள்ளே போட மாட்டார். நடு விரல் ஒன்றைக் கட்டைவிரலால் லேசாக நிமிர்த்திவிட்டு விடுவார். 'டப்' என்று முதுகைத் தொட்டால் டிராயருக்குள் போகும். சோம்பலாகத் திரும்பினால் குப்பைக்கூடைக்கு.