‘அதேதான்’ என்று அவர் சொல்லும்வரை

மத்தியஸ்தம் செய்துவைக்கும் என் வேலையில் அடிக்கடி காதில் விழுவது, “எங்களுக்குள்ள ஒத்தே வராது சார்.” பெரும்பாலும் உண்மைதான். கருத்து ஒத்துப்போகும் என்று நானும் எதிர்பார்ப்பதில்லை. ஒருவர் சொன்னது மற்றவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்றுதான் பார்ப்பேன்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பின்வாசல் கதவைப் பகலிலும் பூட்ட வேண்டும் என்று ஒரு தரப்பு, கூடாது என்று இன்னொரு தரப்பு. இரண்டு மணி நேரக் கூச்சலுக்கு அப்புறம் ஒரு விதி போட்டேன். எதிரே இருப்பவர் சொன்னதை முதலில் உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். அவர் “அதேதான்” என்றால்தான் நீங்கள் பதில் பேசலாம். என் கண்டுபிடிப்பு இல்லை, உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951இல் சொன்ன யோசனை. கேட்க எளிது. செய்யச் சொன்னால் பலருக்கு நாக்கு எழாது.

“திருடன் வருவான்னு இந்தம்மா பயப்படுறாங்க” என்றார் ஒருவர். அந்தப் பெண்மணி “இல்லை” என்றார். “எல்லாரையும் பூட்டி வைக்கப் பாக்குறாங்க.” அதுவும் இல்லை. மூன்றாவது தடவை அவருக்கே அலுத்துப்போய், “சரிம்மா, பின்னே எதுக்குத்தான் பூட்டணும்?” என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண்மணியின் அப்பாவுக்கு ஞாபக மறதி நோய். அவர் இரண்டு தடவை அந்த வழியாக வெளியே போய்த் திரும்பிவரத் தெரியாமல் நின்றிருக்கிறார். ஆறு மாதச் சண்டையில் யாரும் கேட்காத கேள்வி அது. தானாக மூடும் ஸ்பிரிங், திறந்தால் அடிக்கும் மணி. இவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஒரு தரப்பு மற்றதற்குப் பயந்து வாய் திறக்காத இடத்தில் இந்த விதியைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே முதலில் தனித்தனியாகத்தான் பேச வேண்டும்.

சும்மா ஒன்றாக உட்கார வைப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. சமூக உளவியலாளர் முஸாஃபர் ஷெரீஃப் 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹாமாவில், கோடை முகாம் ஒன்றில் 22 சிறுவர்களை இரண்டு அணியாக்கிப் போட்டியிட வைத்தார். பகை முற்றிய பிறகு சேர்ந்து சாப்பிட உட்கார வைத்தால், சாப்பாட்டையே ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். தண்ணீர் வராமல் போனபோது கோளாறு எங்கே என்று சேர்ந்து தேடினார்கள், நின்றுபோன லாரியைக் கயிறு கட்டிச் சேர்ந்து இழுத்தார்கள். அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபம் இறங்கியது.

அதனால் மணியைப் பொருத்தும் வேலையைத் தரப்புக்கு ஒருவராக இரண்டு பேரிடம் விட்டேன். பூட்டச் சொன்னவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார், கூடாது என்றவர் மேலே ஏறினார். மாடிப்படியில் கேமரா வைக்கும் விஷயத்தில் இருவரும் இன்னும் எதிரெதிர்தான். அதற்காக அடுத்த மாதம் என்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள்.