நேரே போனால் ஒன்றுமில்லை, ஒடித்தால்தான் கரகர

திங்கட்கிழமை காலையில் பட்டறையைத் திறந்தால், முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் முந்தின நாள் தனுஷ்கோடி போய் வந்த கார்தான். "அண்ணே, நேரா போனா ஒண்ணுமில்ல. ஸ்டியரிங்க ஒடிச்சாத்தான் கரகரங்குது." இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவரே தீர்ப்பும் சொல்லிவிடுவார்: "வீல் பேரிங் போயிருச்சு போல." இருக்கலாம். ஆனால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல், அது வழுக்கிச் சுழல உதவும் அந்தப் பேரிங்கை மாற்ற யாரும் சம்மதிக்க வேண்டாம்.

2017-க்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்தோடு கார்கள் நின்றுவிடும். அதற்கு அப்பால் மணலில் ஜீப்பும் வேனும்தான். நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு எல்லோரும் சொந்தக் காரிலேயே போகிறார்கள். அதில் தப்பில்லை. போட்டோவுக்காகச் சாலையை விட்டு மணலில் இறக்குவதுதான் வம்பு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நீங்கள் இறக்கக்கூட வேண்டாம், மணலே சாலைக்கு ஏறி வந்துவிடும்.

சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்குக்குப் பின்னால் மெல்லிய தகரத் தட்டு ஒன்று இருக்கிறது. டிஸ்குக்கும் அதற்கும் சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. அங்கே ஒரு சிறு கல்லோ சிப்பி ஓடோ சிக்கினால் போதும், ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும். வளைவில் சக்கரத்தின் மேல் பக்கவாட்டு அழுத்தம் விழும்போது டிஸ்க் மயிரிழை சாயும். நேராகப் போகும்போது உரசாதது அப்போது உரசும். மெதுவாக நாலைந்து தடவை ரிவர்ஸ் எடுத்தாலே சில சமயம் கல் விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, கல்லை எடுத்து, தட்டைக் கொஞ்சம் நெளித்துவிட வேண்டும். கால் மணி நேர வேலை.

உச்சிப்புளிப் பக்கம் டாக்ஸி ஓட்டுகிற தம்பி ஒருவர் முன்பக்கப் பேரிங் இரண்டையும் வேறு ஓர் இடத்தில் மாற்றிவிட்டு, சத்தம் போகாமல் என்னிடம் வந்தார். கழற்றினால், உப்புக்காற்றில் அந்தத் தகரத் தட்டு துருவேறி, ஓரம் பிய்ந்து டிஸ்கின் மேல் படுத்துக் கிடந்தது. ஸ்குரூடிரைவரால் நெம்பி நிமிர்த்தினேன். சத்தம் நின்றது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அந்த வீண் செலவுக்கு என்னிடம் கணக்குக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

சரி, நிஜமாகவே பேரிங் கெட்டிருந்தால்? அந்தச் சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. ஆரம்பத்தில் 'ஊம்ம்' என்று வேகத்தோடு ஏறும், வேகம் குறைந்தால் இறங்கும். முற்றிய பிறகுதான் நறநறவென்று அரைக்கும். ஆள் இல்லாத சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் லேசாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். இடது பக்கம் வளைத்தால் வண்டியின் எடை வலது சக்கரத்தில் சாயும். அப்போது சத்தம் கூடினால் சந்தேகம் வலது பேரிங் மேல். அப்புறம் ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே ஸ்டாண்டும் கொடுத்து, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை ஒரு கையால் தொட்டபடி மறுகையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கெட்ட பேரிங்கின் சொரசொரப்பு விரலிலேயே தெரியும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'லொடக்' என்று ஆடுகிறதா? அந்த வண்டியை வீட்டுக்குக்கூட ஓட்டிப் போக நான் விடமாட்டேன். முற்றிலும் உடைந்தால் சக்கரம் நிலையாக நிற்காது, பாம்பன் பாலத்தின் மேல் அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

மாற்றும்போதும் கவனம் தேவை. பல கார்களில் பேரிங்கைப் பிரஸ் மிஷினில் அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதுப் பேரிங்கும் சீக்கிரமே பாடத் தொடங்கிவிடும். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும்; அதைத் திருப்பி மாட்டிவிட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

முழுக்க ஒடித்து மெதுவாக ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது 'டக் டக் டக்' என்று வந்தால் அது வேறு கதை. ஆக்சில் முனையில் இருந்து, ஒடித்த சக்கரத்தையும் சுழலவைக்கும் சி.வி. ஜாயின்ட். அதை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மணலும் உப்புத் தண்ணீரும் உள்ளே போகும். பூட் கிழிந்தவுடன் பார்த்துவிட்டால் சுத்தம் செய்து, புதுக் கிரீஸ் அடைத்து, புது பூட் போட்டுத் தப்பிக்கலாம். சில நூறு ரூபாயோடு போகும். டக்டக் ஆரம்பித்த பிறகு வந்தால் ஜாயின்டையே மாற்ற வேண்டும், செலவு ஆயிரங்களில். ஆகவே மாதம் ஒருமுறை ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தி, சக்கரத்தின் உள்பக்கம் எட்டிப் பாருங்கள். கறுப்பாகக் கிரீஸ் சிதறியிருந்தால் உடனே கொண்டுவாருங்கள்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலே 'கட்டக்' என்றால் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட். முழுக்க ஒடித்தால் மட்டும் உரசினால், அகல டயர் மாட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பிரேக் அடித்தால் சத்தம் மாறுகிறது என்றால், டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

போன மாதம் கீழக்கரையிலிருந்து ஒருவர் போன் செய்தார். வெளிநாட்டிலிருந்து ஆறு மாதம் கழித்து வந்து காரை எடுத்தாராம், கராமுரா என்று சத்தமாம். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். "காக்கா, டிஸ்க்ல துரு. தெருவுக்குள்ளேயே மெதுவா பத்துத் தடவை பிரேக் அடிச்சுப் பாருங்க, நிக்கலைன்னா வாங்க" என்றேன். அவர் வரவில்லை. ஒரு வாடிக்கையாளர் போச்சு.

கடற்கரை போய் வந்தால் அன்றே வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பிரஷர் பம்பைப் பேரிங், பூட் பக்கம் நேராகக் காட்ட வேண்டாம், சாதாரண ஹோஸ் போதும். நம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே கரிக்கும். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே அடித்துக்கொண்டிருப்போம். குழாயைத் திறந்ததும் முதலில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள்.