திங்கட்கிழமை வரும் இழுப்பு

"ஞாயித்துக்கிழமை நல்லாத்தான் இருக்கேன் டாக்டர். திங்கக்கிழமை மத்தியானம் ஆச்சுன்னா நெஞ்சுல கயித்தப் போட்டு இறுக்குன மாதிரி இருக்கு."

மதுரை கப்பலூர் பக்கம் ஒரு நூற்பாலையில், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் பிரிவில் வேலை பார்க்கும் பெண். வயது 42. கையில் மூன்று டாக்டர்களின் சீட்டுகள். மூன்றிலும் ‘வீசிங்’ என்று எழுதி நெபுலைசர் வைத்து அனுப்பியிருந்தார்கள். எந்தக் கிழமையில் இழுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கூட்டமான ஓபியில் நானும் எத்தனையோ பேரிடம் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

பஞ்சு வெறும் பஞ்சாக மில்லுக்கு வருவதில்லை. செடியின் இலைத் தூளும் சருகும் கலந்து வரும். அதில் வாழ்ந்த பாக்டீரியாக்கள் செத்தாலும், அவற்றின் மேல்தோலில் உள்ள எண்டோடாக்ஸின் என்ற நச்சு தூசியோடு பறந்துகொண்டுதான் இருக்கும். விடுமுறை முடிந்து திரும்பும் நுரையீரலுக்கு முதல் நாள் அது தாங்காது. அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் பழகிவிடும். பிசினோசிஸ் என்கிற பஞ்சுத் தூசி நோயின் அடையாளமே இதுதான். வேலையிடத்து ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவோ பெரும்பாலும் வாரம் போகப் போகக் கூடும், லீவு போட்டால் தணியும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம். வருடக்கணக்கில் அதே தூசியில் நின்றால் திங்கள் மட்டும் வந்தது எல்லா நாளும் வரும். அப்படி இழந்த மூச்சளவு முழுதாகத் திரும்புவதில்லை.

பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஆஸ்துமாவில் 100க்கு 15 பேர் அளவில் வேலையிடத்துக்குப் பங்கு உண்டு. பேக்கரி மாவு, ஸ்பிரே பெயிண்ட், மரத்தூள் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும்.

"மாட்டுக் கொட்டத்துலயே வளர்ந்தவன் சார், எனக்கு எப்படி ஆஸ்துமா வரும்?" என்று மேலூர்ப் பக்கத்து ஆட்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐரோப்பாவில் மாட்டுப் பண்ணைகளில் வளர்ந்த குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. அங்கே காப்பதாகத் தோன்றுகிற பொருட்களில் இதே எண்டோடாக்ஸினும் ஒன்று. பிள்ளைப் பருவத்தில் கிருமிகளோடு பழகுவது வேறு, வளர்ந்த பிறகு தூசியாகத் தினமும் 8 மணி நேரம் உள்ளே இழுப்பது வேறு.

பூஞ்சை இன்னொரு விதம். சிம்மக்கல்லில் கடை வைத்திருக்கும் ஒருவர் சளியோடு பழுப்பு நிறக் கட்டிகளைத் துப்பிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததால், சளியில் கிருமி இல்லாமலே 6 மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டு முடித்திருந்தார். ரத்தத்தில் ஒவ்வாமையின்போது கூடும் ஐஜிஇ என்ற புரதத்தின் அளவு ஆயிரக்கணக்கில் இருந்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்கு எதிரான ஒவ்வாமை. கவனிக்காமல் விட்டால் மூச்சுக்குழல்கள் நிரந்தரமாக விரிந்துவிடும். அவர் வீட்டு ஏர் கூலரின் புல் தட்டி இரண்டு கோடையாக மாற்றப்படாமல் கறுத்துக் கிடந்தது. அந்தப் பூஞ்சை எங்கும் இருப்பது, எல்லாரையும் ஒன்றும் செய்யாது; அதனால் கூலரை மட்டும் குற்றவாளியாக்க மாட்டேன். ஆனாலும் ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் அது வேண்டாம். ஐப்பசி மழைக்குப் பிறகு பூசணம் பிடிக்கும் படுக்கையறைச் சுவரும் அப்படித்தான்.

சளி, ஜலதோஷத்தைத் தொடர்ந்து வரும் இழுப்பு பெரும்பாலும் வைரஸ் வேலை. அதற்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்காதீர்கள். தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை ‘பழகிடும்’ என்று நிறுத்தவும் வேண்டாம்.

சரி, மில்காரம்மாவுக்கு வருவோம். ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கச் சொன்னேன். பலம் கொண்ட மட்டும் ஊதினால் மூச்சின் வேகத்தைக் காட்டும் சின்னக் குழாய். தினம் 4 தடவை, லீவு நாளும் சேர்த்து, 3 வாரம் ஊதிக் குறித்து வரச் சொன்னேன். கிழித்த தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தார். ஞாயிறு 370. திங்கள் மத்தியானம் 280. மூன்று வாரமும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

தூசி இல்லாத பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். மாற்றினார்கள், 8 மாதம் கழித்து. இப்போது திங்கட்கிழமையும் 350 ஊதுகிறார். ஞாயிற்றுக்கிழமையும் 350தான்.