2 மீட்டர் அலை எங்கே போனது?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "முன்னறிவிப்பில் 2 மீட்டர் அலை என்று போட்டிருந்த நாளில் எங்கள் பாயின்ட் பிரேக்கில் முழங்கால் உயரத்துக்குத்தான் வந்தது. போன வாரம் 1 மீட்டர் என்றார்கள். தோள் உயரத்துக்கு அடித்தது. இந்த ஆப்களை நம்பலாமா, கூடாதா?"

தாராளமாக நம்பலாம். ஆனால் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு சர்ஃபிங் (அலைச்சறுக்கு) பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் இப்படித்தான் ஆகும். உயரத்துக்குப் பக்கத்திலேயே நொடிக் கணக்கில் ஓர் எண்ணும் பாகைக் கணக்கில் ஓர் எண்ணும் இருக்கும். முதலாவது அலைவு நேரம்: ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர ஆகும் நேரம். இரண்டாவது, அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது (வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 பாகை). கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைச் சுற்றி அலை உடைகிற இடத்தில், அதாவது பாயின்ட் பிரேக்கில், உயரத்தைவிட இந்த இரண்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

அலை பிறக்கும் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரக் கடல்பரப்பின் மீது வீசுகிறது என்ற மூன்றும்தான் அலையின் அளவைத் தீர்மானிக்கின்றன. மூன்றும் பெரிதாக இருந்தால் அலைவு நேரம் 14, 16, 18 நொடி என்று நீளும். பக்கத்துக் கடலில் சில மணி நேரம் அடித்த காற்று கிளப்பும் அலைக்கு 5 முதல் 8 நொடிதான். புயல் பகுதியை விட்டு வெளியேறி, காற்றின் தயவில்லாமல் தானாகப் பயணிக்கும் அலைவரிசையைத்தான் ஸ்வெல் என்கிறோம்.

ஆழ்கடலில் நீண்ட அலைதான் வேகமான அலை. அலைவு நேரத்தை 1.56 ஆல் பெருக்கினால் முகட்டின் வேகம் மீட்டர்/நொடியில் கிடைக்கும். அலைவரிசை சுமந்து செல்லும் ஆற்றலோ அதில் பாதி வேகத்தில்தான் நகரும். வரிசையின் முன்னால் முகடுகள் மறைந்துகொண்டே இருக்க, பின்னால் புதியவை முளைக்கும். ஆகவே 16 நொடி ஸ்வெல்லின் முகடு நொடிக்கு 25 மீட்டர் ஓடினாலும், ஸ்வெல் கரைக்கு வந்து சேரும் வேகம் மணிக்கு 45 கி.மீ. 10 நொடி ஸ்வெல்லுக்கு 28 கி.மீ. ஒரே புயலில் ஒன்றாகக் கிளம்பினாலும் 3000 கி.மீ. தாண்டி வருவதற்குள் முன்னது பின்னதை 40 மணி நேரம் முந்திவிடும். முதல் நாள் நீண்ட அலைவு நேரத்தில் சின்ன அலைகள் வருவதும், அடுத்த நாள் உயரம் கூடுவதும், அதற்குப் பிறகு நொடிகள் குறைந்துகொண்டே போவதும் இதனால்தான்.

இந்தக் கணக்கு இரண்டாம் உலகப் போரின் பிள்ளை. படைகளைக் கரையிறக்க அலை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டியிருந்ததால், ஹாரல்ட் ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்ற இரு கடலியலாளர்கள் முன்னறிவிப்பு முறையை உருவாக்கினார்கள். 1944 நார்மண்டி தரையிறக்கத்துக்கும் அது உதவியது. 1963இல் மங்க் குழுவினர் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அளவீட்டு நிலையங்களை அமைத்து, தென்கோளப் புயல்களின் ஸ்வெல் பசிபிக்கை முழுக்கக் கடந்து வருவதைப் பின்தொடர்ந்தார்கள். புயல் பகுதியைத் தாண்டிய பிறகு நீண்ட அலைகள் வழியில் மிகக் கொஞ்சமாகவே ஆற்றலை இழக்கின்றன என்பது அப்போதுதான் உறுதியானது.

சரி, இனி முனைக்கு வருவோம்.

அலை தன் நீளத்தில் பாதி அளவு ஆழத்துக்கு வந்ததும் கடலடியை 'உணர'த் தொடங்கும். 7 நொடி அலையின் நீளம் 76 மீட்டர். ஏறக்குறைய 38 மீட்டர் ஆழம் வரும்வரை அதற்குக் கீழே தரை இருப்பதே தெரியாது. 16 நொடி அலையின் நீளம் 400 மீட்டர். 200 மீட்டர் ஆழத்திலேயே அது தரையை உணர்ந்துவிடும். உணர்ந்த அலை வேகம் குறையும். முகட்டின் ஒரு ஓரம் ஆழம் குறைந்த இடத்திலும் மறு ஓரம் ஆழமான இடத்திலும் இருந்தால், ஒரு சக்கரம் மணலில் புதைந்த வண்டி அந்தப் பக்கமே திரும்புவதுபோல, முகடு முழுவதும் ஆழம் குறைந்த பக்கமாக வளையும். பள்ளிக்கூடத்தில் கண்ணாடிப் பட்டகத்தை வைத்துப் படித்த அதே ஸ்னெல் விதிதான். ஒளிக்குப் பதில் கடல்நீர்.

எவ்வளவு வளையும் என்று போட்டுப் பார்த்துவிடலாம். சம ஆழக் கோடுகளுக்கு 60 பாகை சாய்வாக இரண்டு ஸ்வெல்கள் வருகின்றன. ஒன்று 16 நொடி, மற்றது 7 நொடி. 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 16 நொடி அலையின் வேகம் 25இலிருந்து 9.7 மீட்டர்/நொடியாகச் சரிந்திருக்கும். சாய்வு 60இலிருந்து 20 பாகையை ஒட்டி வந்துவிடும். அதாவது 40 பாகை திரும்பிவிட்டது. 7 நொடி அலை 10.9இலிருந்து 8.6க்குத்தான் இறங்குகிறது. சாய்வு இன்னும் 43 பாகை. வெறும் 17 பாகைத் திருப்பம்!

முனையின் பக்கவாட்டுக் கரை, ஸ்வெல் போகும் திசைக்குக் கிட்டத்தட்ட இணையாக உள்ளே ஓடுகிறது. அங்கே நின்று அலை பிடிக்க வேண்டுமானால் அலை மூலை திரும்பி வந்தாக வேண்டும். 7 நொடி அலைக்கு அந்தத் திருப்பம் கைகூடாது. முனையைத் தாண்டி நேராகப் போய்விடும். 2 மீட்டர், 7 நொடி அலை சுமக்கும் ஆற்றல் 1 மீட்டர், 16 நொடி அலையின் ஆற்றலைவிட அதிகம் (உயரத்தின் வர்க்கத்தை அலைவு நேரத்தால் பெருக்கினால் 28க்கு 16). இருந்தும் அந்த ஆற்றலில் பெரும்பங்கு உங்கள் கரைக்குத் திரும்பாமல் வேறெங்கோ போய்க் கொட்டுகிறது. வாசகர் தேடிய 2 மீட்டரும் பெரும்பாலும் அங்கேதான் போயிருக்கும்.

அழகு இதோடு முடியவில்லை. முகட்டுக்குச் செங்குத்தாகக் கதிர்கள் வரைந்தால், இரண்டு கதிர்களுக்கு இடைப்பட்ட ஆற்றல் அங்கேயேதான் இருக்கும். முனையின் நுனியில் கதிர்கள் குவிகின்றன. அதனால் அங்கே அலை பெரிது, முரடு. பக்கவாட்டில் போகப்போகக் கதிர்கள் விரிகின்றன. இடைவெளி நான்கு மடங்கானால் உயரம் பாதியாகும். உயரம் குறைவதோடு, திரும்ப முடியாத குட்டை அலைகளும் வழியிலேயே கழன்றுகொள்வதால், உள்ளே போகப்போக அலை சுத்தமாகிறது. நுனியில் கலங்கிக் கிடக்கும் அதே கடல், 300 மீட்டர் உள்ளே கோடு போட்டதுபோல வரிசையாக வருவதற்கு இதுவே காரணம்.

அலை முழுமையாகத் திரும்பிவிடக்கூடாது என்பதும் முக்கியம். முகட்டுக்கும் உடையும் கோட்டுக்கும் இடையே கொஞ்சம் சாய்வு மிச்சமிருந்தால்தான் அலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வரிசையாக உடையும். 2 மீட்டர் அலை சுமார் 2.5 மீட்டர் ஆழத்தில் உடைகிறது; அங்கே அதன் வேகம் நொடிக்கு 5 மீட்டர். மிச்சச் சாய்வு 45 பாகை என்றால் சர்ஃபர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடினால் போதும். 30 பாகை என்றால் 10 மீட்டர்; தேர்ந்தவர்களுக்கான வேகம். 15 பாகை என்றால் 19 மீட்டர், அதாவது மணிக்கு 70 கி.மீ. யாராலும் முடியாது, அலை மொத்தமாகக் கவிழ்ந்துவிட்டது என்று பொருள். தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரீஸ் பே, இலங்கையின் அறுகம் பே, கலிஃபோர்னியாவின் ரின்கன் எல்லாம் புகழ்பெற்றது இந்தச் சாய்வு அங்கே நீண்ட தூரத்துக்குச் சரியாக அமைந்திருப்பதால்தான்.

இவ்வளவு கணக்கும் கடலடியின் வடிவம் தெரிந்தால்தான் பலிக்கும். முன்னறிவிப்பைக் கணக்கிடும் உலக அலை மாதிரிகள் (கணினி நிரல்கள்) கடலைப் பிரிக்கும் கட்டங்கள் பல கிலோமீட்டர் அகலம். அரை கிலோமீட்டர் முனை அவற்றின் கண்ணுக்கே படாது. கரையோர ஆழமற்ற பகுதியில் அளவீட்டுக் கப்பல் நுழைய முடியாது. கலங்கிய நீரில் லேசர் அளவீடும் எடுபடாது. உலகக் கடலடியில் நவீன முறையில் அளக்கப்பட்டிருப்பதே நாலில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டித்தான். புதிய சூப்பர் கம்ப்யூட்டருக்கு நாடா வெட்டக் கிடைக்கும் பணம், கரையோர ஆழ அளவீட்டுக்கும் அலையை அளக்கும் மிதவைகளின் பராமரிப்புக்கும் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. அலை முன்னறிவிப்பு மட்டுமல்ல, துறைமுகமும் கரையரிப்புத் தடுப்பும் அந்த அளவீட்டை நம்பித்தான் இருக்கின்றன.

காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரையிலிருந்து கடலுக்கு வீசும் ஆஃப்ஷோர் காற்று முகட்டைத் தாங்கிப் பிடித்து, உடைவதைத் தாமதப்படுத்துகிறது. அலை இன்னும் ஆழம் குறைந்த இடத்துக்கு வந்து செங்குத்தாகக் கவிழும். 10 நாட் (மணிக்கு சுமார் 18.5 கி.மீ.) வரை இது வரம். 20ஐத் தாண்டினால் சாரல் கண்ணை மறைக்கும். பலகை முகட்டிலேயே தொங்கிவிடும். எதிர்த்திசையில் வீசும் ஆன்ஷோர் காற்று முகட்டை முன்கூட்டியே சரித்துவிடும். திறந்த கடற்கரையில் தொல்லை தரும் காற்று, முனையின் மறைவுப் பக்கத்தில் ஆஃப்ஷோராக மாறுவது பாயின்ட் பிரேக்கின் இன்னொரு கொடுப்பினை. வெயில் ஏற ஏறக் கிளம்பும் கடற்காற்றை மட்டும் உலக மாதிரிகள் குறைத்தே சொல்கின்றன. மதியத்துக்கு 5 நாட் என்று போட்டிருந்தாலும் வானம் தெளிவாக இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

ஓதத்தில், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதில், கவனிக்க வேண்டியது உடையும் கோடு நகரும் தூரம். கடலடி 50க்கு 1 சரிவு என்றால், நீர்மட்டம் 1.5 மீட்டர் ஏறும்போது உடையும் இடம் 75 மீட்டர் கரைப்பக்கம் வந்துவிடும். பாறை முனையில் அது பாறை மேலேயே உடைவதில் முடியலாம். தாழ்வோதத்திலோ, அதுவரை நீருக்குள் இருந்த பாறைகள் தலைகாட்டும்.

பௌர்ணமி அன்று அலை பெரிதாகும் என்ற நம்பிக்கை எல்லாக் கரையிலும் உண்டு. நிலா இழுப்பது ஓதத்தை. ஸ்வெல்லைக் கிளப்புவது காற்று. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் நீர்மட்டம் அதிகம் ஏறி இறங்கும் என்பது சரி, அதோடு அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. ஒவ்வொரு ஏழாவது அலையும் பெரிது என்பதும் அப்படித்தான். 14 நொடி, 15 நொடி என இரண்டு ஸ்வெல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மூன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை பெரிய அலைக்கூட்டம், அதாவது செட், வரும். கூட்டத்தில் எத்தனை அலை என்பது ஸ்வெல்லுக்கு ஸ்வெல் மாறும். ஆகவே இறங்குவதற்கு முன் 20 நிமிடம் கரையில் நின்று பார்ப்பது வீண் நேரமல்ல. முன்னறிவிப்பில் தரப்படும் உயரம், அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. சில மணி நேரத்தில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அலை ஒன்றாவது வரும். சாய்வாக உடையும் அலைகள் முனையிலிருந்து உட்பக்கமாக ஒரு நீரோட்டத்தையும் தள்ளும். அதை எதிர்த்துக் கையால் துழாவிக் களைப்பதைவிட, கரையேறி முனை வரை நடந்து மறுபடி இறங்குவது மேல்.

இப்போது ஒரு முன்னறிவிப்பைப் படிப்போம். தெற்கு நோக்கி நீண்ட முனை. கிழக்குப் பக்கவாட்டில் அலை உடைகிறது. வெள்ளிக்கிழமைக்கு மொத்த உயரம் 1.9 மீட்டர் என்று இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் 195 பாகையிலிருந்து 1.1 மீட்டர், 17 நொடி. 230 பாகையிலிருந்து 1.6 மீட்டர், 6 நொடி. (வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.9 வரும், நேரடியாகக் கூட்டக்கூடாது.) இரண்டாவதை அடித்துவிடுங்கள், அது திரும்பாது. முனையில் உங்களுக்கு இருப்பது அந்த 1.1 மீட்டர்தான், அதுவே தாராளம். விடியலில் வடமேற்குக் காற்று 4 நாட்: ஆஃப்ஷோர். 11 மணிக்கு மேல் தெற்கிலிருந்து 14 நாட்: அதற்குள் கரையேறிவிடலாம். சனிக்கிழமை 1.4 மீட்டர், 15 நொடி. மூன்று நாளில் இதுவே சிறந்தது. ஞாயிறு 1.3 மீட்டர் என்று இருந்தாலும் 12 நொடிக்கு இறங்கிவிட்டதால் திருப்பம் குறையும். உள்பக்கம் காத்திருந்து பயனில்லை, நுனிக்கு அருகிலேயே நிற்க வேண்டும். இதே ஸ்வெல் 110 பாகையிலிருந்து வந்திருந்தால் பக்கவாட்டில் நேராக மோதி மொத்தமாகக் கவிழ்ந்திருக்கும்.

ஸ்வெல் வரும் பாதையில் 400 கி.மீ. தள்ளி ஒரு மிதவை இருந்தால் அதன் தரவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 17 நொடி ஸ்வெல் மணிக்கு 48 கி.மீ. போகும், மிதவையிலிருந்து முனைக்கு எட்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். வியாழன் இரவு ஒன்பதரைக்குள் மிதவை 17 நொடியைக் காட்டாவிட்டால், வெள்ளி காலை ஆறு மணிக்கு அலை வந்திருக்காது. அலாரத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றி வையுங்கள்.