கலவன் என்று பிடுங்கும் முன்

விதை உற்பத்தி வயலில் இறங்கும் எங்களுக்கு முதலில் கற்றுத்தரப்படுவது கலவன் நீக்கம். பூவின் நிறம் மாறியிருந்தால் பிடுங்கு, கொடியின் நீளம் ஒத்துவராவிட்டால் பிடுங்கு, விதையின் நிறம் வேறாக இருந்தால் பொறுக்கி எறி. எல்லாம் ஒரே மாதிரி இருப்பதுதான் தரம். அந்தப் பழக்கத்தோடு மலை விவசாயியின் பீன்ஸ் விதைக்கூடையை எட்டிப் பார்த்தால் கை பரபரக்கும். கறுப்பு, அடர்சிவப்பு, பழுப்பில் கோடு போட்டது, வெளிர்மஞ்சளில் புள்ளி வைத்தது, உருண்டை, நீளம், தட்டை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ‘ரகத்தூய்மை இல்லை’ என்று படிவத்தில் எழுதிவிட்டு நகர்வது சுலபம்.

ஆனால் அந்தக் கலவை கவனக்குறைவால் வந்ததில்லை. ருவாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயம் பெரும்பாலும் மலைச்சரிவில் நடக்கும் நாடு. பல ரகங்களைக் கலந்து விதைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். வாழையின் நிழலில் போடும் கலவை வேறு, திறந்த சரிவில் போடுவது வேறு, மண் மெலிந்த துண்டுக்கு இன்னொன்று. அறுவடைக்குப் பிறகு, சரிப்படாததைக் குறைத்து நன்றாக வந்ததைக் கூட்டி அடுத்த பருவத்துக்குக் கலப்பவர்கள் பெண்கள். 1980களின் பிற்பகுதியில் அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள், ரகம் இறுதியாவதற்கு முன்பே அனுபவமுள்ள பெண் விவசாயிகளை ஆய்வு வயலுக்கு அழைத்துத் தேர்வு செய்யச் சொன்னார்கள். அவர்கள் பொறுக்கியெடுத்தவை சொந்த நிலத்தில் நன்றாகவே எடுபட்டன. விளைச்சலோடு, வாழைக்கு அடியில் இந்தச் செடி தாக்குப்பிடிக்குமா என்பதையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அவர்கள். எங்கள் மதிப்பீட்டுப் படிவங்களில் அப்படி ஒரு கட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

கலவை ஏன் பலிக்கிறது என்பதற்கு ஆந்த்ரக்னோஸ் நோய் நல்ல சாட்சி. காயின் மேல் குழிந்த கரும்புள்ளி, அதன் நடுவில் ஈரமான நாளில் இளஞ்சிவப்பாகக் கசியும் பூசண வித்துகள். குளிர்ச்சியும் தூறலும் சேர்ந்தால் போதும், மழைத்துளி தெறித்துத் தெறித்தே செடிக்குச் செடி தாவும். மலைக்கென்றே பிறந்த நோய் என்றுகூடச் சொல்லலாம். இந்தப் பூசணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன; ஒரு ரகத்தைத் தாக்கும் இனம் அடுத்த ரகத்தைத் தொடாமல் போகலாம். வயல் முழுக்க ஒரே ரகமாக இருந்தால், அதை வெல்லும் இனம் வந்த அன்றே எல்லாச் செடியும் திறந்த கதவுதான். கலவையில் தெறிக்கும் துளிகளில் பல, அந்த இனத்துக்கு இடம்கொடுக்காத செடியில் விழுந்து வீணாகும். நோய் ஒழியாது, ஆனால் மெதுவாகப் பரவும். அந்தத் தாமதத்திலேயே ஒரு அறுவடை தேறிவிடும்.

விதைத்தோலின் நிறமும் அழகுக்காக மட்டும் வைத்ததில்லை. வெள்ளைத் தோல் விதை தண்ணீரை வேகமாக இழுக்கும். குளிர்ந்த ஈரமண்ணில் பருப்பு வெடித்து அழுகவும் செய்யும். கறுப்பு, பழுப்பு விதைகளின் தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருப்பதால் நீர் மெதுவாக ஏறும்; பூசணமும் சற்று ஒதுங்கும். முதல் மழைக்கே விதைக்க வேண்டிய உயரமான நிலத்தில் இந்த வித்தியாசம் முளைப்பு எண்ணிக்கையில் அப்படியே தெரியும். அதே டானின் சாப்பிடுபவரின் உடலில் இரும்புச்சத்து சேர்வதைக் குறைக்கும் என்பதும் உண்மை. எல்லா வகையிலும் சிறந்த ரகம் என்று ஒன்று கிடையாது. கிடையாது என்பதால்தான் இத்தனை ரகங்கள்.

பாரம்பரிய ரகம் என்றதும் ஆதிகாலத்திலிருந்தே அந்த மண்ணில் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். பொது பீன்ஸ், அதாவது ராஜ்மா இனம், அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மெக்சிகோவை ஒட்டிய பகுதியில் ஒருமுறை, ஆண்டிஸ் மலையில் தனியாக இன்னொருமுறை, ஆக இரண்டு இடங்களில் மனிதர் கையில் பழகியது. முதலாவதில் விதை பொதுவாகச் சிறிது, ஆண்டிஸ் வகைகளில் பெரிது. கொலம்பஸுக்குப் பிறகுதான் இவை கடல் தாண்டின. அப்படியானால் ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலும் இமயமலையிலும் பால்கன் மலைகளிலும் இன்று காணும் ரகப் பெருக்கம் எல்லாம் சுமார் 500 ஆண்டுகளுக்குள் விவசாயிகள் பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கியது. இரண்டு கிளைகளும் ஐரோப்பாவில் சந்தித்துக் கலந்து, தாயகத்தில் இல்லாத சேர்க்கைகளும் பிறந்தன. எனக்கு இது பழமையைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

உயரம் எப்படியெல்லாம் ரகத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் ஆண்டிஸ் மலையின் நுன்யா பீன்ஸ். 3000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். காய்ந்த பீன்ஸை அதில் வேகவைக்க மணிக்கணக்காகும். மரமே குறைவான இடத்தில் அவ்வளவு விறகுக்கு எங்கே போவது? நுன்யாவைச் சூடான சட்டியில் சில நிமிடம் வறுத்தால் போதும். தோல் கிழிந்து, இரண்டு பருப்புகளும் விரிந்து வெடிக்கும். வேர்க்கடலை போன்ற சுவை. பெருவில்தான் அதிகம். ஆனால் பகல் குறுகிய வெப்பமண்டலப் பருவத்துக்குப் பழகிய செடி. நீண்ட பகல் உள்ள வடக்கு நாடுகளில் விதைத்தால் கொடியாக ஓடிக்கொண்டே இருக்கும், பூக்கக் காலம் கடத்தும். வெளியே கொண்டுபோய் வளர்ப்பது அதனால்தான் எளிதாக இல்லை.

(நுன்யாவைப் பார்த்துவிட்டுச் சாதாரண ராஜ்மாவை யாரும் வறுத்துத் தின்ன வேண்டாம். பச்சையான அல்லது அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் கடுமையான வாந்தியைக் கொடுக்கும். 5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். உயரமான இடத்தில் இன்னும் கூடுதலாக.)

இந்த ரகங்கள் எப்படித் தொலைகின்றன? பஞ்சமும் போரும்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். 1994இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலைக்குப் பிறகு பீன்ஸ் ரகங்கள் அழிந்திருக்கும் என்று உலகமே அஞ்சியது. போய்ப் பார்த்தபோது பயந்த அளவுக்கு இழப்பில்லை. நான் பார்த்தவரை ரகத்தை விழுங்குவது சந்தடி இல்லாத மாற்றங்கள். மெக்சிகோ, குவாத்தமாலா மலைகளில் கொடி பீன்ஸுக்கு ஊன்றுகோல் மக்காச்சோளத் தட்டைதான். உயரமான நாட்டுச் சோளத்துக்குப் பதில் குட்டை ரகம் வந்தால், அதைப் பற்றி ஏறிய கொடிக்குப் பிடி போய்விடும். சோளத்துக்கு அடிக்கும் அகன்ற இலைச் செடிகளுக்கான களைக்கொல்லி பீன்ஸையும் சேர்த்தே கொல்லும். பீன்ஸைக் கைவிடுவதாக யாரும் முடிவெடுக்கவில்லை; சோளத்தில் எடுத்த முடிவில் பீன்ஸ் போயிற்று. வியாபாரி ஒரே நிறம் கேட்பதும் அப்படித்தான். விற்க வேண்டியதைப் பிரித்தெடுத்த பிறகு மிச்சம் குறைந்துகொண்டே வரும், ஒரு பருவத்தில் விதைக்கே இருக்காது.

மரபணு வங்கி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அவசியமும்கூட. கொலம்பியாவில் பல்மிராவில் உள்ள பன்னாட்டு வங்கியில் மட்டும் 37,000க்கும் மேற்பட்ட பீன்ஸ் மாதிரிகள் உள்ளன. அதன் மதிப்பு எனோலா வழக்கில் தெரிந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த மஞ்சள் பீன்ஸ் ஒன்றுக்கு எனோலா என்ற பெயரில் 1999இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இறக்குமதியாளர்களிடம் உரிமத்தொகையும் கேட்கப்பட்டது. அந்த வங்கியை நடத்தும் நிறுவனம் எதிர்த்து மனுப்போட்டது, தன்னிடம் ஏற்கெனவே இருந்த மஞ்சள் பீன்ஸ் மாதிரிகளைச் சுட்டிக்காட்டியது. 2008இல் காப்புரிமை அலுவலகம் அந்தக் காப்புரிமையை நிராகரிக்க, 2009இல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மாதிரியும் பதிவேடும் இல்லாத ஊரின் விதைக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

ஆனால் வங்கிக்குள் நுழையும்போதே கலவை பிரிந்துவிடும். ஒவ்வொரு நிறமும் தனித்தனி எண்ணாகும். உறைபெட்டியில் விதை பிழைக்கும், எந்தச் சரிவுக்கு எதை எவ்வளவு கலப்பது என்ற கணக்கு பிழைக்காது. அதனால்தான் ஊரிலும் விதை ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறோம்.

விதை எடுப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். பொது பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கை, பக்கத்துப் பாத்தியில் வேறு ரகம் இருந்தாலும் சில மீட்டர் இடைவெளி போதும். சிவப்புப் பூப்பூக்கும் ரன்னர் பீன்ஸ் என்ற வேறு பீன்ஸ் இனம் அப்படியல்ல, வண்டும் தேனீயும் கலந்துவிடும். அருகருகே இரண்டு ரகம் வைத்தால் இரண்டுமே தூய்மையாக மிஞ்சாது. இரண்டையும் பிரித்தறிய முளையைப் பாருங்கள்: பொது பீன்ஸ் வித்திலைகளை மண்ணுக்கு மேலே தூக்கி வரும், ரன்னர் பீன்ஸ் உள்ளேயே விட்டுவிடும். பனி அடித்து மேல்முளை கருகினாலும் அது மறுபடி துளிர்ப்பது இதனால்தான்.

புள்ளியில்லாத காய்களைச் செடியிலேயே அடையாளம் வைத்து, முடிந்த அளவு அதிகச் செடிகளிலிருந்து எடுங்கள். அடர்நிற விதையில் ஆந்த்ரக்னோஸ் வடு கண்ணில் படாது, ஆகவே தேர்வு காயிலேயே முடிந்துவிட வேண்டும். மலைக் குளிரில் பயறு வண்டு மெதுவாகத்தான் பெருகும். அதே விதையைக் கீழே வெப்பமான இடத்துக்குக் கொண்டுவந்தால் சில மாதங்களில் மாவாகும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வைத்தது பிறகு வேகவும் மறுக்கும். நிழலில் உலர்த்தி, சுத்தியலால் தட்டினால் நசுங்காமல் நொறுங்கும் பதம் வந்தபின், காற்றுப்புகாத புட்டியில் ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்தால் வண்டு சாகும். ஈரமாக வைத்தால் விதையும் சாகும்.

புட்டியின் மேல் சீட்டு ஒட்டும்போது ரகத்தின் பெயரும் ஆண்டும் எழுதினால் போதாது. எந்த உயரம், எந்தப் பக்கச் சரிவு, எதன் மேல் ஏறியது, எந்த ரகத்தோடு எந்த அளவில் கலந்து விதைத்தார்கள், பச்சைக் காய்க்கா காய்ந்த பருப்புக்கா, வேக எவ்வளவு நேரம் ஆகும். விதை கொடுத்தவர் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.